எளிய பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும்: ஆங்கிலச் சொற்பயிற்சி நூல்கள் ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ்வழியில் படிக்கும் மாணவர்கள் அன்றாட ஆங்கிலச் சொற்களைக் கற்கப் பலவகை நூல்களை நாடுகின்றனர். அகராதிகள், பாடநூலில் உள்ள அருஞ்சொற்பொருள் பட்டியல், ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ போன்ற கையேடுகள், இணைய அகராதிகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டால் அதைப் பயன்படுத்துவது தானாக வந்துவிடும் என்னும் நம்பிக்கையே இவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படை. வகுப்பறையில் நாம் காண்பது வேறு. பட்டியலில் உள்ள சொற்களுக்கெல்லாம் கடகடவென்று பொருள் ஒப்பிக்கும் மாணவர், அவற்றுள் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் விழிக்கிறார்.

இதனைச் சிறிய குறை என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. இதனால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முன்பைவிடக் கூடுதலாக இக்கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அங்கே பாடமும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. சொற்களைப் பொருளளவில் மட்டும் அறிந்து செல்லும் மாணவர் முதல் ஆண்டிலேயே தடுமாறுகிறார். அறிவில் குறைந்தவர் என்று தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளவும் தொடங்குகிறார்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தைத் துணையாகக் கொண்டு இச்சொற்பயிற்சி நூல்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அளவுகோல் ஒன்றே: இந்நூலைப் படித்தவர் அச்சொல்லை வைத்துத் தாமே ஒரு சரியான வாக்கியம் சொல்ல முடியுமா? ஆங்கிலச் சொற்களும் வாக்கியங்களும் இங்கே ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

ஆங்கிலம்-தமிழ் அகராதிகளின் பின்புலம்

தமிழையும் ஆங்கிலத்தையும் இணைக்கும் அகராதிப் பணியைத் தொடக்கத்தில் பெரிதும் செய்தவர்கள் கிறித்தவ மறைப்பணியாளர்கள். செருமானியரான பப்ரிசியசு சென்னை வேப்பேரியில் 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதியை அச்சிட்டார். வின்சுலோவின் பெரிய தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் வெளிவந்தது. தமிழைக் கற்க வந்த ஐரோப்பியருக்கு உதவுவது இவற்றின் முதன்மை நோக்கம். அங்கே கற்பவருக்கு ஆங்கிலம் தாய்மொழி போன்றது, தமிழ்தான் புதிது.

ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. அந்தத் திசையில் நடந்த பெரும்பணி சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம்’. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை அது வெளிவந்தது. வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவலாகப் புழங்கியது லிப்கோ நிறுவனத்தின் ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதி. ஒரு தலைமுறை மாணவர்களுக்கு ‘டிக்‌ஷனரி’ என்றாலே லிப்கோதான்.

இவ்விரண்டின் தொண்டை யாரும் மறுக்க முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கும், தமிழில் துறைநூல் எழுதுவோருக்கும் சொற்களஞ்சியம் இன்றும் பயன்படுகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எத்தனை வகையாகச் சொல்லலாம் என்பதை அது காட்டும். ஆனால் அது ஆங்கிலத்தை ஏற்கெனவே அறிந்தவர் தமிழ்ச்சொல் தேடுவதற்கு ஏற்ற நூல். ஒன்பதாம் வகுப்பு மாணவர் அதைத் திறந்தால் அரைப்புள்ளியிட்டு அடுக்கப்பட்ட ஐந்தாறு தமிழ்ச்சொற்களைக் காண்பார். அவற்றுள் எது தமக்கு வேண்டியது என்று தேர்ந்தெடுக்க வழி இல்லை. சில வேளைகளில் அத்தமிழ்ச் சொல்லுக்கே பொருள் தேட வேண்டியிருக்கும்.

லிப்கோ அகராதி ஆங்கிலப் பொருளையும் தமிழ்ப் பொருளையும் அடுத்தடுத்துத் தந்தது ஒரு முன்னேற்றம். விலையும் எட்டக்கூடியதாக இருந்தது. எனினும் அதன் வலிமை வாசித்துப் புரிந்துகொள்வதற்கு உதவுவதில்தான் இருந்தது. பேசவும் எழுதவும் தேவையான வாக்கியப் பழக்கத்தை அது தன் முதன்மை வேலையாகக் கொள்ளவில்லை.

ஒற்றைச்சொல் பொருள் எங்கே போதும், எங்கே போதாது?

ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் முறையை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. ‘நீம்’ என்றால் வேம்பு, ‘எல்போ’ என்றால் முழங்கை, ‘அயர்ன்’ என்றால் இரும்பு. இத்தகைய பொருட்பெயர்களுக்குத் தமிழ்ச்சொல்லே மிகச் சிறந்த விளக்கம். வேம்பை ஆங்கிலத்தில் ‘கசப்பான இலை உடைய ஒருவகை மரம்’ என்று விளக்கினால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. அவர் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

வினைச்சொற்களிடம் இம்முறை தோற்கிறது. தமிழில் ‘பார்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். டி.வி. பார்க்கிறோம்; டாக்டரைப் பார்க்கிறோம்; பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்; கணக்குப் பார்க்கிறோம்; பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம்; செய்து பார்க்கிறோம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் வேறு சொல். கண்ணில் படுவது ‘ஸீ’. கண்ணைத் திருப்பிப் பார்ப்பது ‘லுக் அட்’. அசைவதைக் கவனித்துப் பார்ப்பது ‘வாட்ச்’. ஒன்றைத் தேடிப் பார்ப்பது ‘லுக் ஃபார்’. பார்த்துக்கொள்வது ‘லுக் ஆஃப்டர்’. செய்து பார்ப்பது ‘ட்ரை’. ‘ஸீ - பார், லுக் - பார், வாட்ச் - பார்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட மாணவர் ‘ஐ ஸா டி.வி. ஃபார் டூ அவர்ஸ்’ என்று எழுதுவதில் வியப்பில்லை. பட்டியலின்படி அவர் செய்தது சரி. குறை பட்டியலில் இருக்கிறது.

‘பாரோ’, ‘லெண்ட்’ என்னும் இணையும் இத்தகையது. இரண்டுக்கும் நேராகக் ‘கடன்’ என்று குறித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. தமிழில் கடன் வாங்குவதும் கடன் கொடுப்பதும் துணைவினையால் தெளிவாகப் பிரிகின்றன. பட்டியலுக்காகச் சுருக்கும்போது அந்தத் துணைவினை உதிர்ந்துவிடுகிறது. மேலும் ‘கடன்’ என்றதும் நம் மனத்தில் வருவது பணம். பக்கத்து மாணவரிடம் பேனா வாங்கி எழுதுவதை நாம் கடன் என்பதில்லை. இரவல் என்போம், அல்லது ‘கொஞ்சம் குடு’ என்போம். ஆங்கிலத்தில் அதுவும் ‘பாரோ’தான். ஆகவே தமிழ்ச்சொல் ஒருபுறம் அளவுக்கு மீறி விரிகிறது, மறுபுறம் சுருங்குகிறது.

இராஜபாளையத்தில் வேறொரு நிலையும் உண்டு. இங்குள்ள பல வீடுகளில் பேச்சுமொழி தெலுங்கு. அப்பிள்ளைகள் தமிழைப் பள்ளியிலும் தெருவிலும் நன்றாகவே பழகியவர்கள். ஆயினும் அகராதி தரும் செந்தமிழ்ச் சொல் அவர்களுக்கு இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அவர்களுக்கு எளிய ஆங்கில விளக்கம் சில வேளைகளில் கடினமான தமிழ்ச்சொல்லைவிட நெருக்கமாக அமைகிறது.

எளிய விளக்கம்: டாக்காவில் தொடங்கிய முயற்சி

எளிய சொற்களாலேயே பிற சொற்களை விளக்குவது என்னும் முறைக்கு நம் நாட்டு வகுப்பறையோடு நேரடித் தொடர்பு உண்டு. மைக்கேல் வெஸ்ட் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படும் சிரமத்தை ஆராய்ந்து 1926-இல் இருமொழியம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாடநூல்களில் அரிய சொற்கள் மிகுந்து, அடிக்கடி வரும் சொற்கள் போதிய அளவு திரும்ப வராமல் இருப்பது அவர் கண்ட குறைகளுள் ஒன்று. பாடங்களை எளிய சொற்களில் திருத்தி எழுதினார்.

1935-இல் எண்டிகாட்டுடன் இணைந்து அவர் வெளியிட்ட ‘நியூ மெத்தட்’ ஆங்கில அகராதி ஏறத்தாழ 24,000 சொற்களையும் சொற்றொடர்களையும் 1,490 சொற்களை மட்டும் கொண்டு விளக்கியது. அந்த 1,490 சொற்களை அறிந்தவர் அகராதியின் எந்தப் பக்கத்தையும் படித்துப் புரிந்துகொள்ளலாம். 1953-இல் அவர் பதிப்பித்த பொதுப்பயன் சொற்பட்டியல் சுமார் 2,000 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் மிகுதியாக வழங்குகிறது என்பதையும் அது காட்டியது. பொதுவான ஆங்கில உரைநடையில் வரும் சொற்களில் சுமார் 80 விழுக்காட்டை இத்தகைய 2,000 சொற்கள் அடக்கிவிடும் என்பது பின்னர் வந்த ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்ற கணக்கு. 1978-இல் வந்த லாங்மன் கற்போர் அகராதியும் சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கம் எழுதும் வழக்கத்தைப் பின்பற்றியது.

மாணவர் இதிலிருந்து அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘பத்தாயிரம் சொற்கள்’, ‘இருபதாயிரம் சொற்கள்’ என்று அட்டையில் அச்சிட்ட கையேடுகளைக் கண்டு மலைக்க வேண்டாம். முதல் 2,000 சொற்களை உறுதியாகக் கையாளத் தெரிந்தவர், அரிய சொற்கள் பத்தாயிரத்தைப் பொருளளவில் அறிந்தவரைவிட நன்றாகப் பேசுவார், எழுதுவார்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. குறைந்த சொற்களுக்குள் அடக்க முயலும்போது விளக்கம் சுற்றி வளைத்துப் போகும். நுட்பமான வேறுபாடுகள் மழுங்கும். ‘எ ஸ்ட்ராங் ஃபீலிங்’ என்று தொடங்கும் விளக்கம் கோபத்துக்கும் பொருந்தும், அன்புக்கும் பொருந்தும், அச்சத்துக்கும் பொருந்தும். விளக்கம் எவ்வளவு எளிதாக இருந்தாலும் அது சொல்லை அறிமுகம் செய்து வைக்கும். பழக வைப்பது வாக்கியம்.

எடுத்துக்காட்டு வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்?

வாக்கியத்தின் இடத்தை உயர்த்தியவர் ஏ. எஸ். ஹார்ன்பி. சப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், தம் நண்பர் இருவருடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942-இல் தோக்கியோவில் வெளிவந்தது. அதுவே 1948-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகி, இன்றைய கற்போர் அகராதிகளுக்கு முன்னோடியாயிற்று. ஒரு வினைச்சொல் எத்தகைய வாக்கிய அமைப்பில் வரும் என்பதை வகைப்படுத்திக் காட்டியது அதன் சிறப்பு. 1987-இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்காமில் உருவான கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி சென்றது. விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. எடுத்துக்காட்டுகளைக் கணினியில் திரட்டிய உண்மையான உரைகளிலிருந்து எடுத்தது.

தமிழிலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது. 1992-இல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ சொற்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்ததோடு, இன்றைய தமிழில் அவை வழங்கும் முறையை எடுத்துக்காட்டு வாக்கியங்களால் காட்டியது. தமிழ்ச்சொல்லுக்கே வாக்கியம் தேவைப்படும்போது, ஆங்கிலச் சொல்லுக்கு அது வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் வாக்கியம் ஒன்று இருந்துவிட்டால் மட்டும் போதாது. நம் கையேடுகள் பலவற்றில் உள்ள வாக்கியங்கள் இடத்தை நிரப்புகின்றன, வேலை செய்வதில்லை. நல்ல எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குப் பின்வரும் நான்கு தகுதிகள் வேண்டும்.

1. பொருளை ஊகிக்க இடம் தர வேண்டும். ‘ஹி இஸ் ஜெனரஸ்’ என்னும் வாக்கியத்தில் ‘ஜெனரஸ்’ என்பதை விரலால் மறையுங்கள். அந்த இடத்தில் சோம்பேறி, உயரமானவர், கோபக்காரர் என எதையும் வைக்கலாம். ‘ஷி இஸ் ஜெனரஸ், ஷி ஆல்வேஸ் ஷேர்ஸ் ஹெர் லஞ்ச்’ என்றால், சாப்பாட்டைப் பகிர்ந்து தருபவர் எப்படிப்பட்டவர் என்று மாணவரே சொல்லிவிடுவார்.

2. துணைச்சொல்லைக் காட்ட வேண்டும். ‘லிசன்’ என்றால் கவனித்துக் கேள் என்பது பொருள். அதன்பின் ‘டு’ வரும் என்பதை வாக்கியம்தான் கற்பிக்கும். ‘டிபெண்ட்’ என்றால் ‘ஆன்’. ‘அஃப்ரெய்ட்’ என்றால் ‘ஆஃப்’. மாறாக, ‘டிஸ்கஸ்’ என்பதன்பின் எதுவும் வராது. தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று சொல்லிப் பழகிய நாம் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று எழுதுகிறோம். ‘வி டிஸ்கஸ்ட் தி பிளான்’ என்னும் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் பத்து முறை சொன்னவர் இப்பிழையைச் செய்யமாட்டார்.

3. மற்ற சொற்கள் எளிதாக இருக்க வேண்டும். ஒரு புதிய சொல்லை விளக்கும் வாக்கியத்தில் இன்னும் இரண்டு புதிய சொற்கள் இருந்தால் மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார். உண்மையான உரைகளிலிருந்து எடுத்த வாக்கியங்களில் இந்தச் சிக்கல் மிகுதி. கோபில்ட் முறையை நம் தொடக்கநிலை மாணவருக்கு அப்படியே பரிந்துரைக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

4. மாணவரின் வாழ்க்கையைத் தொட வேண்டும். பனிப்பொழிவையும் பாதாள ரயிலையும் பற்றிய வாக்கியங்கள் தவறல்ல. ஆனால் மாணவர் நாளை யாரிடமாவது சொல்லக்கூடிய வாக்கியம் அவர் நினைவில் நிற்கும். ‘வி டேக் தி எர்லி பஸ் டு அவாய்ட் தி க்ரவுட்’ என்பது இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் பேருந்தில் போகும் மாணவியின் சொந்த வாக்கியம்.

இந்த அளவுகோலில் இன்று கிடைப்பவற்றுள் ஆக்ஸ்போர்டு ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதி முன்னே நிற்கிறது. எளிய ஆங்கில விளக்கம், தமிழ்ப் பொருள், வாக்கியம் மூன்றும் அதில் சேர்ந்து வருகின்றன. நான்காம் தகுதியை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அதை ஆசிரியரும் மாணவரும்தான் நிறைவு செய்ய வேண்டும். ‘முப்பது நாள்’ கையேடுகளை எடுத்துக்கொண்டால், ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் தந்து கூச்சத்தைப் போக்கியது அவற்றின் நற்பணி. கடையில், பயணத்தில், வீட்டில் என்று சூழல் வாரியாகப் பேச்சைப் பிரித்துத் தருவதும் நல்ல முறை. ஆனால் சொற்பட்டியல் பகுதிக்கு வந்ததும் அவையும் பழையபடி ஒற்றைச்சொல் பொருளுக்குத் திரும்பிவிடுகின்றன.

பாடநூலும் வினாத்தாளும்

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் 2019-இல் புதிதாக வந்தது. அதன் முதல் உரைநடைப் பாடம் லியாம் ஓ ஃப்ளாஹெர்ட்டி எழுதிய கடற்பறவைக் குஞ்சின் முதல் பறத்தல் பற்றிய கதை. கதைத் தேர்வு அருமை. பறக்க அஞ்சி நிற்கும் குஞ்சின் நிலை பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். பாடத்துடன் அருஞ்சொற்பொருளும் சொற்பயிற்சிகளும் உள்ளன.

சிக்கல் தேர்வில் தொடங்குகிறது. பொதுத்தேர்வு வினாத்தாளின் முதல் பகுதியில் இணைச்சொல்லையும் எதிர்ச்சொல்லையும் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் வருகின்றன. நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். ஒன்றைக் குறித்தால் போதும். எனவே துணைநூல்கள் பாடத்திலிருந்து சொற்களை உருவி, இணைச்சொல் ஒருபுறம், எதிர்ச்சொல் ஒருபுறம் என்று பட்டியலிட்டுத் தருகின்றன. மாணவரும் அதையே மனப்பாடம் செய்கிறார். அச்சொல் பாடத்தில் எந்த வாக்கியத்தில் வந்தது என்பதைக்கூட அவர் பார்ப்பதில்லை.

இதனால் நேரும் இழப்பை ஒரு சொல்லால் காட்டலாம். மேற்சொன்ன கதையில் ‘டிவவர்’ என்னும் சொல் வருகிறது. இணைச்சொல்லாக ‘ஈட்’ என்று படித்தவர் மதிப்பெண் பெறுவார். ஆனால் கடும்பசியில் அவசர அவசரமாக விழுங்குவதே ‘டிவவர்’. அமைதியாக அமர்ந்து விருந்து உண்ணும் பாட்டியைப் பற்றி இச்சொல்லைப் பயன்படுத்தினால் கேட்பவர் சிரிப்பார். ‘தி ஹங்ரி பாய்ஸ் டிவவர்ட் தி பரோட்டாஸ் இன் டூ மினிட்ஸ்’ என்று ஒரு வாக்கியம் தந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

கண்டால் அடையாளம் தெரிவது ஓர் அறிவு. வேண்டும்போது எடுத்து ஆள்வது வேறோர் அறிவு. நம் சொற்பயிற்சி முதலாவதை மட்டும் சோதிக்கிறது. சோதிக்கப்படாததைக் கற்பிக்க ஆசிரியருக்கு நேரம் கிடைப்பதில்லை. இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு மதிப்பெண்ணில் இரண்டையாவது ‘இச்சொல்லை வைத்துப் பொருள் விளங்கும்படி ஒரு வாக்கியம் எழுதுக’ என்று மாற்றினால், அடுத்த ஆண்டே துணைநூல்கள் வாக்கியங்களைத் தரத் தொடங்கிவிடும். வகுப்பறையும் அதன்வழி மாறும். வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துவிடுவார்களே என்று கேட்கலாம். செய்யட்டும். ஒரு நல்ல வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் கையில் துணைச்சொல்லும் காலமும் சேர்ந்தே தங்கும்.

ஊரில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலம்

சொற்பயிற்சி நூல்கள் அனைத்தும் மாணவரை ஆங்கிலமே அறியாதவராகக் கருதிக்கொண்டு தொடங்குகின்றன. இராஜபாளையம் போன்ற ஊரில் இது உண்மையில்லை. 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் பஞ்சாலை இவ்வூரின் வாழ்வோடு கலந்துவிட்டது. ‘ஸ்பின்னிங்’, ‘வைண்டிங்’, ‘கோன்’, ‘ஷிப்ட்’ ஆகியவை அப்பா அம்மா பேச்சில் அன்றாடம் வருபவை. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் குடும்பங்களில் ‘பேண்டேஜ்’, ‘காஸ்’ என்பவை வீட்டுச் சொற்கள்.

இவற்றை ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளலாம். பாடநூலில் வளைந்து செல்லும் பாதையைக் குறிக்கும் சொல் வரும்போது, காற்று என்னும் சொல்லின் எழுத்தே அதிலும் இருப்பதால், மாணவர் ‘விண்டிங்’ என்று வாசிப்பார். ‘உங்கள் அம்மா மில்லில் எந்த டிபார்ட்மெண்ட்?’ என்று கேட்டால் போதும். ‘வைண்டிங்’ என்று விடை வரும். நூலைச் சுற்றிச் சுற்றி கோனில் ஏற்றுவதுபோல், மலையைச் சுற்றிச் சுற்றிப் போவது ‘வைண்டிங் ரோடு’. ஒலிப்பும் பொருளும் ஒருசேரப் பதிந்துவிடும். ‘பேண்டேஜ்’ என்னும் பெயரை அறிந்த பிள்ளைக்கு ‘தி நர்ஸ் பேண்டேஜ்ட் ஹிஸ் ஹேண்ட்’ என்று அதையே வினையாகக் காட்டினால் அரைநிமிடத்தில் ஒரு புதிய பயன்பாடு கிடைக்கிறது.

அதே வேளையில் தமிழில் பொருள் மாறிப் புழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி எச்சரிக்கவும் வேண்டும். இவற்றைத் தொகுத்துத் தரும் பகுதி நம் கையேடுகளில் அரிதாகவே காணப்படுகிறது. சில மட்டும்:

• ‘கரண்ட் போயிடுச்சு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘தி பவர் இஸ் அவுட்’ அல்லது ‘தேர் இஸ் எ பவர் கட்’.

• பேருந்தில் நடத்துநரிடம் ‘பேலன்ஸ்’ கேட்கிறோம். மீதிச் சில்லறைக்கு ஆங்கிலத்தில் ‘சேஞ்ச்’ என்பர்.

• சாப்பிடும் இடத்தை ‘ஹோட்டல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது தங்கும் இடம். சாப்பிடும் இடம் ‘ரெஸ்டாரண்ட்’.

• மருத்துவமனையில் ‘டிரிப்ஸ் ஏத்தினாங்க’ என்கிறோம். சொட்டுச் சொட்டாக இறங்குவதால் ஆங்கிலத்தில் அது ‘டிரிப்’, முதலெழுத்து ‘டி’. தடுமாறி விழுவதையும் பயணத்தையும் குறிக்கும் ‘ட்ரிப்’ வேறு சொல். அதன் முதலெழுத்து ‘ட்டீ’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரிவதால் மாணவர் இரண்டையும் ஒன்றென்றே கருதுகிறார்.

இவை பிழை என்று மாணவரை நகையாட வேண்டியதில்லை. தமிழுக்குள் அவை தமிழ்ச்சொற்கள்போல் சரியாகவே வேலை செய்கின்றன. ஆங்கிலம் பேசும்போது மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் போதும்.

மாணவரே விளக்கம் எழுதும் பயிற்சி

வெஸ்ட் அகராதிக்குச் செய்ததை மாணவரும் செய்து பார்க்கலாம். தம் ஊரில் உள்ள, ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாத ஒன்றை எளிய ஆங்கிலச் சொற்களால் விளக்கச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குப் பால்கோவாவைவிட நல்ல பாடம் எது? ‘எ ஸ்வீட் மேட் பை பாயிலிங் மில்க் அண்ட் ஷுகர் அன்டில் இட் பிகம்ஸ் திக்’ என்னும் அளவுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவரால் வர முடியும். ‘பாயில்’, ‘அன்டில்’, ‘திக்’ என்னும் மூன்று அன்றாடச் சொற்கள் இதில் பழகிவிடுகின்றன.

அடுத்தது ஆண்டாள் கோயில் தேர். ‘கார்’ என்று அகராதியைப் பார்த்து எழுதினால் வெளியூர்க்காரருக்கு மோட்டார் வண்டிதான் தோன்றும். ‘எ டால் வுடன் டெம்பிள் கார், ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள் புல் இட் வித் லாங் ரோப்ஸ்’ என்று விரித்தால் ஆடிப்பூரம் கண்முன் வரும். இப்படித் தாமே விளக்கம் எழுதிப் பழகியவர், பேச்சின் நடுவே ஒரு சொல் மறந்துபோனாலும் வாயடைத்து நிற்கமாட்டார். தெரிந்த சொற்களால் சுற்றிச் சொல்லிவிடுவார். நேர்காணலில் பலருக்குக் கைகொடுப்பது இந்தத் திறமைதான்.

இதற்குத் தனி வகுப்போ பெரும் செலவோ தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் போன்ற பழைய வாசகசாலைகள் நம் ஊர்களில் உள்ளன. ஆங்கில நாளிதழில் ஒரு பத்தி படித்து, ஒரு சொல்லை எடுத்து, தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதி நாளை முடிப்பது எந்த மாணவராலும் இயலும். நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 365. அத்தனையும் எடுத்து ஆளத் தெரிந்த சொற்களாக இருக்கும்.

இணைய அகராதிகள்

2004-இல் தொடங்கிய தமிழ் விக்சனரி இன்று பல இலட்சம் பதிவுகளைக் கொண்டுள்ளது. பல துறைகளின் கலைச்சொற்கள் ஓரிடத்தில் கட்டணமின்றிக் கிடைப்பது தமிழுக்குப் பெரும்பேறு. இதில் தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. ஆனால் ஏற்கெனவே இருந்த கலைச்சொல் தொகுதிகளிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள் மிகுதி என்பதால், பல பக்கங்களில் ஒரு தமிழ் இணைச்சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. அரிய மருத்துவச் சொல்லுக்கு அது போதும். ‘ரிமைண்ட்’ போன்ற அன்றாட வினைக்குப் போதாது.

கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலிகளுக்கும் இதே குறை உண்டு. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் அவை ஓரளவு நன்றாகவே பெயர்க்கின்றன. தனிச்சொல்லைக் கொடுத்தால் ஒற்றைச்சொல் விடையே முதலில் வருகிறது. எனவே மாணவர் செயலியிடம் சொல்லைக் கேட்காமல் தாம் அமைத்த வாக்கியத்தைக் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

அன்றாடச் சொல்லுக்கான பதிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு இரு மாதிரிகள்:

‘பாரோ’ - பிறர் பொருளைத் திருப்பித் தருவதாக வாங்கிப் பயன்படுத்து, இரவல் வாங்கு. வாக்கியம்: ‘ஐ பாரோட் எ பென் ஃப்ரம் மை ஃப்ரெண்ட் அண்ட் கேவ் இட் பேக் ஆஃப்டர் தி டெஸ்ட்’. குறிப்பு: யாரிடமிருந்து என்பதற்கு ‘ஃப்ரம்’ வரும். தருபவர் செய்வது ‘லெண்ட்’.

‘ரிமைண்ட்’ - ஒருவருக்கு மறவாதபடி நினைவூட்டு. வாக்கியம்: ‘ப்ளீஸ் ரிமைண்ட் மீ டு பை மில்க்’. குறிப்பு: யாருக்கு என்பது உடனே அடுத்து வர வேண்டும். தானே நினைவில் வைத்திருப்பது ‘ரிமெம்பர்’.

ஒவ்வொன்றும் நான்கைந்து வரிதான். மேலே கண்ட 2,000 அன்றாடச் சொற்களுக்கு இவ்வாறு பதிவு எழுதுவது ஒரு நிறுவனம் காத்திருந்து செய்ய வேண்டிய பணி அன்று. இருபது ஆசிரியர்கள் ஆளுக்கு நூறு சொல் எடுத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் முடிந்துவிடும்.

முடிவுரை

சென்னைப் பல்கலைக்கழகச் சொற்களஞ்சியமும் லிப்கோவும் தமிழ் மாணவரை ஆங்கில நூலைப் புரிந்துகொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்தன. வெஸ்ட், ஹார்ன்பி, சின்க்ளேர் ஆகியோரின் வழிவந்த கற்போர் அகராதிகள் எளிய விளக்கத்தையும் வாக்கியத்தையும் தந்தன. இவ்விரு மரபும் இணைந்து, நம் ஊர் வாழ்க்கையைத் தொடும் வாக்கியங்களோடு கூடிய ஒரு கையடக்கச் சொற்பயிற்சி நூல் தமிழ்வழி மாணவருக்கு வேண்டும். அது வரும்வரை மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு, சொல் இடப்பக்கம், தமிழ்ப்பொருள் வலப்பக்கம் என எழுதும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தம் வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றைப் பற்றி ஒரு முழு வாக்கியம் எழுதிக்கொள்ளலாம். அதை ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ காட்டித் திருத்திக்கொண்டு, வாய்விட்டுச் சில முறை படிக்கலாம். மறுவாரம் சொல்லை மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படித்து, மறைந்த சொல் நினைவுக்கு வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.